எம்எல்ஏ கலைஞர்: குளித்தலைல இருந்து திருவாரூர் வரைக்கும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலைஞர் கருணாநிதிய முதலமைச்சரா, வசனகர்த்தாவா, கட்சித் தலைவரா வச்சு எழுதுனது மலையளவு கிடக்கு. ஒரு எம்எல்ஏவா மட்டும் எடுத்து வச்சு பாத்தவங்க கம்மி. அதுவும் காவிரித் தண்ணி பாயுற தொகுதிங்கள்ல அவரு எப்படி நின்னாரு, சபையில என்ன பேசுனாரு, அதுல எது சட்டமாச்சு, எது ஆகாமலே போச்சுன்னு நம்ம பக்கத்து புள்ளைங்களே கேக்குதுங்க. குரூப் டூ படிக்கிறவங்க, கட்சிக்காரங்க, அந்தக் கட்சியே பிடிக்காதவங்கன்னு பலரும் கேட்டத சேத்து வச்சு இங்க பதில் எழுதிருக்கேன். நான் திருவாரூர் பக்கம், அதனால நம்ம ஊரு சமாச்சாரம் நீளமாவும் மெட்ராஸ் சமாச்சாரம் சுருக்கமாவும்தான் இருக்கும்.

மொத்தம் எத்தனை தடவை எம்எல்ஏ ஆனாரு? எந்தெந்த தொகுதி?

13 தடவை. நின்ன சட்டசபைத் தேர்தல் எதுலயும் தோத்ததே கிடையாது. 1957 குளித்தலை, 1962 தஞ்சாவூர், 1967லயும் 1971லயும் சைதாப்பேட்டை, 1977லயும் 1980லயும் அண்ணா நகர், 1989லயும் 1991லயும் துறைமுகம், அப்புறம் 1996, 2001, 2006 மூணு தடவையும் சேப்பாக்கம், கடைசியா 2011லயும் 2016லயும் திருவாரூர். 1984ல மட்டும் நிக்கல, அது ஏன்னு கீழ சொல்றேன். ஆக நாலு தடவை நம்ம பக்கம், ஒம்போது தடவை மெட்ராஸ்.

குளித்தலை எங்க டெல்டாவுல வருதுன்னு சண்டைக்கு வர்றவங்க இருக்காங்க. அப்ப அது திருச்சி மாவட்டம், இப்ப கரூர் மாவட்டம். காவிரி தென்கரையில இருக்கு, தென்கரை வாய்க்காலும் கட்டளை மேட்டு வாய்க்காலும் பாஞ்சு நெல்லு, வாழை, வெத்தலைன்னு விளையுற பூமி. கீழத்தஞ்சையில, அதாவது பழைய தஞ்சாவூர் மாவட்டத்து கிழக்குப் பகுதியில இருந்த பண்ணை, வாரம் (நெலக்காரனும் உழுறவனும் விளைச்சல பங்கு போடுறது), கூலித் தகராறு எல்லாமே அங்கயும் இருந்துச்சு, அதனால நான் சேத்துத்தான் பேசுவேன்.

பொறந்தது திருக்குவளை, படிச்சது திருவாரூர். அப்புறம் ஏன் 2011 வரைக்கும் சொந்த ஊர்ல நிக்கல?

2006 தேர்தல் வரைக்கும் திருவாரூர் தனித்தொகுதி, அதாவது பட்டியல் சாதியச் சேந்தவங்க மட்டும்தான் நிக்க முடியும். 2008ல தொகுதி மறுவரையறை வந்தப்பதான் அது பொதுத்தொகுதி ஆச்சு, அதுக்கப்புறம் வந்த மொத சட்டசபைத் தேர்தல் 2011, அதுலயே வந்து நின்னுட்டாரு. திருக்குவளை இன்னிக்கு நாகப்பட்டினம் மாவட்டத்துல, கீழ்வேளூர் தொகுதிக்குள்ள வருது, அதுவும் தனித்தொகுதிதான்.

இன்னொன்னும் சொல்லிடுறேன், நிறைய பேருக்கு இதுல குழப்பம் இருக்கு. தமிழ்நாட்டுல ஏதாவது ஒரு தொகுதியில ஓட்டர் லிஸ்ட்ல பேரு இருந்து 25 வயசும் ஆகியிருந்தா எந்த பொதுத்தொகுதியில வேணா நிக்கலாம், அந்த ஊர்லயே குடியிருக்கணும்னு சட்டம் கிடையாது.

1957ல மொத தடவையே எப்படி ஜெயிச்சாரு?

திமுக 1949ல ஆரம்பிச்ச கட்சி, 1952 தேர்தல்ல நிக்கவே இல்ல. தேர்தல்ல நிக்கலாமா வேணாமான்னு 1956ல திருச்சி மாநாட்டுல தொண்டர்கள்கிட்டயே ஓட்டு எடுத்தாங்க, கறுப்புப் பெட்டி ஒண்ணு சிவப்புப் பெட்டி ஒண்ணு வச்சு. நிக்கலாம்னு முடிவாகி 1957ல எறங்குனாங்க, 205 இடத்துல ஜெயிச்சது 15. அந்த 15ல ஒருத்தர்தான் கலைஞர், அப்ப வயசு 32. குளித்தலையில காங்கிரஸ் வேட்பாளர எட்டாயிரத்துக்கு மேல ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாரு. அதுக்கு முன்னாடியே டால்மியாபுரம்னு இருந்த பேர கல்லக்குடின்னு மாத்தச் சொல்லி நடந்த 1953 கல்லக்குடி போராட்டத்துல தண்டவாளத்துல படுத்து ஜெயிலுக்குப் போனதுல திருச்சி வட்டாரம் பூரா பேரு தெரிஞ்சிருந்துச்சு, அவரு எழுதுன படங்க ஓடிக்கிட்டு இருந்துச்சு, மேடைப்பேச்சு ஒரு பக்கம். ஆனா அது மட்டுமே காரணம்னு நான் நம்பல. காங்கிரஸ்ல மிராசுதாருங்க கை ஓங்கி இருந்த பகுதி அது, அவங்கள எதிர்த்து கேக்க ஆள் வேணும்னு குடியானவன் தேடிக்கிட்டு இருந்த நேரத்துல இவரு வந்து நின்னாரு.

நங்கவரம் போராட்டம்னு சொல்றாங்களே, அது என்ன?

இந்த கேள்விக்கு கொஞ்சம் பொறுமையா பதில் சொல்லணும், ஏன்னா அவரோட சட்டசபை வாழ்க்கைய புரிஞ்சுக்க இதுதான் வாசல்னு நான் நினைக்கிறேன்.

குளித்தலைக்கு கிழக்க நங்கவரம்னு ஊரு. அங்க பெரிய பண்ணை, ஆயிரக்கணக்கான ஏக்கர். அதுல கையேரு வாரம்னு ஒரு முறை. உழுறது, அண்டை வெட்டுறது, நாத்து விடுறது, நடுறது, அறுக்குறது, களத்துல அடிச்சுக் குடுக்குறது எல்லாம் அந்த விவசாயி. ஆனா கணக்குல அவன் குத்தகைதாரன்னு வரமாட்டான். இதுல என்ன வந்துச்சுன்னு இப்ப கேக்கலாம், அந்த நேரத்துல அது சோத்துப் பிரச்சனை. 1952ல தஞ்சாவூர் மாவட்டத்துக்குன்னு பண்ணையாள் (பண்ணையிலயே கட்டுப்பட்டு வேலை செய்யுற கூலியாள்) பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, அப்புறம் குத்தகைதாரர் பாதுகாப்பு, 1956ல நியாயவாரச் சட்டம்னு வரிசையா வந்துச்சு. இது எல்லாம் குத்தகைதாரன்னு ஒத்துக்கிட்டாத்தான் உதவும். நீ குத்தகைதாரனே இல்ல, வேலையாளுன்னு சொல்லிட்டா சட்டம் இருந்தும் அவன் வரப்பு ஏற முடியாது, எப்ப வேணா நெலத்த விட்டு எறக்கிடலாம்.

புது எம்எல்ஏ 1957 மே மாசம் சபையில பேசுன மொத பேச்சே இந்த நங்கவரம் விவசாயிங்களப் பத்தித்தான். எதிர்ல உக்காந்திருந்தது காமராஜர் மந்திரிசபை. பொதுவா மொத பேச்சுன்னா நன்றி, வணக்கம், கொள்கை விளக்கம்னு போயிடும். இவரு ஒரு பண்ணைய, ஒரு வார முறைய எடுத்து வச்சு இந்த சனங்களுக்கு உங்க சட்டம் ஏன் போய்ச் சேரலன்னு கேட்டாரு. சபைக்கு வெளிய போராட்டத்துலயும் நேர்ல நின்னாரு. தொகுதியில ஒரு ஊர்ல நடக்குற சங்கதிய சட்டத்துல இருக்குற ஓட்டையா பாத்து அதை சபைக்கு எடுத்துட்டு வந்தாரு பாருங்க, எம்எல்ஏ வேலைன்னா அதுதான். 

எதிர்க்கட்சி எம்எல்ஏ பேசுறதால என்ன ஆகப்போகுது?

நிறைய ஆகும். சபை கூடுற நாள்ல மொத ஒரு மணி நேரம் கேள்வி நேரம், மந்திரி எந்திரிச்சு பதில் சொல்லியாகணும், அந்த பதில் அச்சாகி நடவடிக்கைக் குறிப்புல என்னிக்கும் இருக்கும். அவசர விஷயத்துக்கு கவன ஈர்ப்புத் தீர்மானம். பட்ஜெட் முடிஞ்சு துறை துறையா மானியக் கோரிக்கை வரும்போது வெட்டுத் தீர்மானம் குடுத்து, இந்த துறை இந்த வேலைய செய்யல, ஒதுக்கீட்டக் கொறைன்னு பேசலாம். ஓட்டுல தோத்துப்போகும், அது எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த சாக்குல தொகுதிப் பிரச்சனைய எல்லாம் பதிவு பண்ணிடலாம். குளித்தலைக்கும் முசிறிக்கும் நடுவுல காவிரியத் தாண்ட பாலம் வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு, பிற்பாடு அவரே முதலமைச்சரா வந்து அந்த பாலம் வந்துச்சு, பெரியார் பேரு வச்சாங்க. இன்னிக்கு அதுல போறவங்களுக்கு அக்கரைக்குப் போக பரிசல்காரன கூப்புட்டுக்கிட்டு நின்ன காலம் தெரியாது.

அப்ப தொகுதி நிதின்னு ஒண்ணு இருந்துச்சா?

1957லயெல்லாம் கிடையாது. இப்ப ஒரு எம்எல்ஏவுக்கு வருஷத்துக்கு 3 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி, அதுல பஸ் ஸ்டாப், ஹைமாஸ் லைட், ரேஷன் கடைக் கட்டடம்னு கட்டி பேரு எழுதி வச்சுக்குவாங்க. அந்தக் காலத்து எம்எல்ஏ கையில காசு இல்ல, வாயும் மனுவும்தான்.

1962ல குளித்தலைய விட்டுட்டு ஏன் தஞ்சாவூர்?

1957ல ஜெயிச்ச 15 பேரையும் இந்தத் தடவை சபைக்குள்ள விடக்கூடாதுன்னு காங்கிரஸ் கங்கணம் கட்டிக்கிட்டு வேலை பாத்துச்சு. காஞ்சிபுரத்துல அண்ணாவே தோத்துப்போனாரு. திமுக மொத்தத்துல 50 இடம் ஜெயிச்சும், பழைய 15 பேர்ல திரும்பி வந்தது கலைஞர் ஒருத்தர்தான். அதுவும் லேசா வரல. தஞ்சாவூர்ல எதிர்ல நின்னது பரிசுத்த நாடார், ஊருக்குள்ள பெரிய மனுஷன், ஏற்கனவே எம்எல்ஏவா இருந்தவரு, வியாபாரிங்க மத்தியில நல்ல செல்வாக்கு. வித்தியாசம் ரெண்டாயிரம் ஓட்டு கூட இல்ல. தஞ்சாவூர் ஒண்ணும் திமுகவுக்கு எழுதி வச்ச தொகுதி இல்லங்கறதுக்கு இன்னொரு அத்தாட்சி, 1967ல தமிழ்நாடு பூரா திமுக அலை அடிச்சப்பவும் இதே பரிசுத்த நாடார் இங்க திரும்ப ஜெயிச்சுட்டாரு.

அண்ணா சபையில இல்லாததால நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவர், கலைஞர் துணைத் தலைவர். சபை விதிகள, பட்ஜெட்ட, நேரம் பாத்து எந்திரிக்கிறத எல்லாம் அவரு கரைச்சுக் குடிச்சது இந்த அஞ்சு வருஷத்துலதான்.

தஞ்சாவூர் எம்எல்ஏவா இருக்கும்போதே ஜெயிலுக்குப் போனாராமே?

ஆமா. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம். இந்தியப் பாதுகாப்பு விதிகள்ல புடிச்சு பாளையங்கோட்டை ஜெயில்ல தனியா வச்சாங்க. எம்எல்ஏவா இருந்தா கைது பண்ண முடியாதுன்னு ஒரு நெனப்பு நிறைய பேருகிட்ட இருக்கு, அது தப்பு. சபைக்குள்ள பேசுனதுக்குத்தான் கோர்ட்டுக்குப் போக முடியாத பாதுகாப்பு, வெளிய நடக்குற கிரிமினல் வழக்கு, தடுப்புக்காவல் இதுக்கெல்லாம் எம்எல்ஏவும் மத்தவங்களும் ஒண்ணுதான், சபாநாயகருக்கு தகவல் சொல்லணும், அவ்வளவே.

தஞ்சாவூர விட்டுட்டு 1967ல சைதாப்பேட்டைக்கு போனது தஞ்சாவூர கைவிட்ட மாதிரி இல்லையா?

எங்க ஊரு பெரியவங்க சிலர் அப்படித்தான் சொல்லுவாங்க, எனக்கும் அதுல பாதி ஒப்புதல் உண்டு. கட்சி ஆட்சியப் புடிக்கிற நெலமைக்கு வந்தப்ப மெட்ராஸ்ல இருந்தாத்தான் கட்சி, பத்திரிகை, சினிமா எல்லாத்தையும் பாக்க முடியும், அது புரியுது. ஆனா 44 வருஷம், 1967ல இருந்து 2011 வரைக்கும், டெல்டாவுல பொறந்த ஒரு தலைவர் டெல்டா தொகுதி எதுக்கும் எம்எல்ஏ இல்ல. நடவுல கால் வச்ச சனங்களோட மனு கையில வாங்குற எம்எல்ஏவா இருக்குறதும் அந்த சனங்களுக்காக கோட்டையில உக்காந்து சட்டம் போடுறதும் ஒண்ணு இல்லதான். இருந்தாலும் ரெண்டாவது வேலைய அவரு செஞ்சாரா இல்லையான்னு பாக்காம கைவிட்டாருன்னு சொல்றது நியாயம் இல்ல. அடுத்த கேள்வி அதுதான்.

டெல்டா சனங்களுக்கு சட்டமா என்ன வந்துச்சு?

1967ல அண்ணா மந்திரிசபையில பொதுப்பணித்துறை மந்திரி, அண்ணா இறந்தப்புறம் 1969 பிப்ரவரியில முதலமைச்சர். அந்த நேரத்து கீழத்தஞ்சைய மனசுல வச்சுக்கிட்டுத்தான் இதைப் படிக்கணும். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளிங்க குடும்பத்துல 44 பேர ஒரே குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க, பெரும்பாலும் பொம்பளைங்களும் புள்ளைங்களும். நடந்தது திமுக ஆட்சியில. ஹைகோர்ட்டுல பண்ணையாருங்க எல்லாரும் விடுதலை ஆனாங்க. அதை எந்த சட்டமும் ஈடு கட்டாது. இதை எழுதாம கலைஞரோட நெலச் சட்டங்கள மட்டும் பெருமையா எழுதுனா அது செத்தவங்களுக்குப் பண்ணுற துரோகம்.

வெண்மணிக்கு அப்புறம் கணபதியா பிள்ளை கமிஷன் போட்டு, 1969ல விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்துச்சு, இது கீழத்தஞ்சைக்குன்னே வந்தது. 1970ல நில உச்சவரம்ப, அதாவது ஒரு குடும்பம் அதிகபட்சமா வச்சுக்கலாம்கற நெலத்த, 30 ஸ்டாண்டர்டு ஏக்கர்ல இருந்து 15 ஸ்டாண்டர்டு ஏக்கரா கொறைச்சாங்க. ஸ்டாண்டர்டு ஏக்கர்ங்கறது சாதா ஏக்கர் இல்ல, நெலத்தோட தரத்தையும் தீர்வையையும் (நெலவரி) வச்சு கணக்குப் போடுறது, வானம் பாத்த பூமியா இருந்தா 15 ஸ்டாண்டர்டு ஏக்கர்ங்கறது பல மடங்கு வரும். இந்த சட்டத்துல எனக்கு கொறை உண்டு. பினாமி பேர்ல, டிரஸ்ட் பேர்ல எழுதி வச்சு தப்பிச்சவங்க நம்ம மாவட்டத்துலயே எத்தனையோ பேரு. கோயில், மடம் நெலம் தனிக் கணக்கு. உபரி நெலம்னு எடுத்து குடுத்தது நெனச்ச அளவுக்கு வரவே இல்ல.

ஆனா 1971 குடியிருப்புச் சட்டம் இருக்கு பாருங்க, அது வேற. அதோட அருமை தெரியணும்னா அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரியணும். பண்ணையாள் குடிசை போட்டிருந்த எடம் மிராசுதாரோடது. சுவரு அவன் வச்சது, கூரை அவன் மேஞ்சது, தரை மட்டும் ஐயாவோடது. மரக்கா நெல்லு கூடக் கேட்டா, சங்கக் கூட்டத்துக்குப் போனா, குடிசைய பிரிச்சுக்கிட்டு கெளம்புன்னு ஒரு வார்த்தை போதும். கூலிக்குப் பேசுற வாய அடைச்சது அந்த தரைதான். 1971 சட்டம் அந்த தரைய குடியிருக்குறவனுக்கே சொந்தமாக்குச்சு. எங்க தெருவுல ஒரு அப்பாயி அந்தப் பட்டாவ மஞ்சப்பையில சுத்தி தகரப்பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க, ஓரமெல்லாம் கரையான் அரிச்சு, மடிப்புல கிழிஞ்சு, நடுவுல அவங்க மாமனார் பேரும் சர்வே நம்பரும் மட்டும் தெளிவா தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவங்க, ஆனா அந்த நம்பர மனப்பாடமா சொல்லுவாங்க. குடியிருப்பு சொந்தமானப்புறம்தான் கூலி பேச்சுவார்த்தையில எதிர்ல உக்காந்து பேசவே முடிஞ்சுதுன்னு சொல்லுவாங்க.

இதுக்கெல்லாம் கலைஞருக்கு மட்டும் பேரு எழுதிடாதீங்க. பண்ணையாள் தல நிமிந்ததுக்கு மொத காரணம் செங்கொடி சங்கம்னு சொல்ற கம்யூனிஸ்ட் விவசாயிகள் சங்கம், அதுல பி. சீனிவாசராவ் மாதிரி தலைவருங்க, சாணிப்பாலும் சவுக்கடியும் வாங்குன சனங்க நடத்துன போராட்டம். சட்டம் அவங்க பின்னாடி வந்துச்சு. ஆனா வந்துச்சு, கொண்டுவந்த எடத்துல இருந்தது நங்கவரத்தப் பத்திப் பேசுன அதே எம்எல்ஏ.

வேற சொல்லணும்னா நம்ம டிபிசி (நேரடி நெல் கொள்முதல் நிலையம்) எல்லாம் நடத்துற நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972ல ஆரம்பிச்சது, 2006ல பதவியேத்த மேடையிலயே கூட்டுறவுக் கடன் தள்ளுபடி, கிட்டத்தட்ட 7000 கோடி. திருவாரூர் தனி மாவட்டம் ஆனது 1997ல, மத்தியப் பல்கலைக்கழகம் 2009ல, மெடிக்கல் காலேஜ் 2010ல, எல்லாம் அவரு முதலமைச்சரா இருந்தப்ப.

காவிரியில கோட்டை விட்டவரே அவருதான்னு சொல்றாங்களே?

இந்த கேள்வி ஒவ்வொரு ஜூன் மாசமும் மேட்டூர் தெறக்குமா தெறக்காதான்னு பேச்சு வரும்போது வரும். நடந்தத வரிசையா சொல்றேன். மெட்ராஸ் மாகாணமும் மைசூரும் காவிரித் தண்ணிக்காகப் போட்ட 1924 ஒப்பந்தத்துல 50 வருஷம் கழிச்சு, அதாவது 1974ல, சில பகுதிகள மறுபரிசீலனை பண்ணணும்னு இருந்துச்சு. அதுக்கு முன்னாடியே கர்நாடகா ஹேமாவதி, ஹாரங்கி, கபினின்னு அணை கட்டிக்கிட்டு இருந்தாங்க. கலைஞர் அரசு 1971ல சுப்ரீம் கோர்ட்டுல வழக்கு போட்டுச்சு, 1972ல வாபஸ் வாங்குச்சு. பிரதமர் இந்திரா காந்தி பேசித் தீத்துக்கலாம்னு சொன்னதால வாங்குனோம்னு அவங்க தரப்பு. பேச்சுவார்த்தை நடந்துச்சு, முடிவு வரல, அணை வந்துச்சு. வழக்க வாபஸ் வாங்குனது பெரிய தப்புன்னுதான் நான் சொல்லுவேன், கடைமடையில இருக்குறவன் வேற எப்படி சொல்லுவான்.

அதே மனுஷன்தான் 1990ல காவிரித் தகராறத் தீத்து வைக்க நடுவர் மன்றம் வர்றதுக்கு மல்லுக்கட்டுனவரு. தஞ்சாவூர் பக்கத்து விவசாயிங்க சங்கம் ஒண்ணு 1983லயே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருந்துச்சு, 1990 மே மாசம் கோர்ட் உத்தரவு போட்டுச்சு, வி.பி. சிங் அரசு ஜூன் 2ஆம் தேதி நடுவர் மன்றம் அமைச்சுச்சு. 1991ல கர்நாடகா 205 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி) விடணும்னு இடைக்காலத் தீர்ப்பு, 2007ல தமிழ்நாட்டுக்கு மொத்தம் 419 டிஎம்சின்னு இறுதித் தீர்ப்பு, 2018ல சுப்ரீம் கோர்ட் கர்நாடகா விடவேண்டியத 192ல இருந்து 177.25 டிஎம்சியா கொறைச்சுச்சு. 1972ஐ மட்டும் சொல்லி 1990ஐ மறைக்கிறதும், 1990ஐ மட்டும் சொல்லி 1972ஐ மறைக்கிறதும் ரெண்டுமே கட்சிப் பேச்சு.

1984ல ஏன் நிக்கல?

1983ல இலங்கைத் தமிழர் படுகொலைய கண்டிச்சு எம்எல்ஏ பதவிய ராஜினாமா பண்ணிட்டாரு. அப்புறம் 1984ல மேலவைக்குப் போயிட்டாரு. தமிழ்நாட்டுல அப்ப மேலவைன்னு இன்னொரு சபை இருந்துச்சு, 1986ல எம்ஜிஆர் ஆட்சியில அதைக் கலைச்சாங்க.

கம்மி ஓட்டுல தப்பிச்ச தேர்தல் எது?

1980 அண்ணா நகர், அதிமுக வேட்பாளர் டாக்டர் ஹண்டேவ 699 ஓட்டுல ஜெயிச்சாரு. 1991 துறைமுகம், 890 ஓட்டு. ராஜீவ் காந்தி கொலைக்கு அப்புறம் நடந்த தேர்தல், கட்சியே துடைச்செடுத்த மாதிரி போச்சு, ஜெயிச்ச கலைஞரும் அந்தப் பதவிய ராஜினாமா பண்ணிட்டாரு.

2011, 2016 திருவாரூர் எம்எல்ஏவா எப்படி இருந்தாரு?

2011ல 50 ஆயிரத்துக்கு மேல வித்தியாசம், அதுவும் திமுக மாநிலம் பூரா 23 இடத்துல சுருங்கிப்போன தேர்தல்ல. 2016ல 68,366, அந்தத் தேர்தல்ல தமிழ்நாட்டுலயே அதிக வித்தியாசம் அதுதான். நாலு மாட வீதியில பிரச்சார வேன் நுழைஞ்சா வேனுக்குள்ள சக்கர நாற்காலியில உக்காந்த மேனிக்கே மைக்கப் புடிப்பாரு, குரலு கரகரன்னு எறங்கிப்போச்சு, ஆனா வார்த்தை தடுமாறாது. வேட்பாளர்னு பாக்காம சொந்தக்காரங்க வீட்டு பெரியவர் வந்த மாதிரி சனம் வந்து நின்னுச்சு, அதை கட்சி ஓட்டுன்னு மட்டும் சொல்லிட முடியாது.

எம்எல்ஏ வேலைன்னு பாத்தா இந்த ஏழு வருஷம் கொறைச்சலானதுதான், அதை ஒளிக்க வேண்டியதில்ல. வயசு 87க்கு மேல. சபையில சக்கர நாற்காலி வந்து போக தோதா எடம் குடுக்கலன்னு கட்சி கேட்டுக்கிட்டே இருந்துச்சு, கிடைக்கல, அதனால லாபி வரைக்கும் வந்து வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டு போயிடுவாரு. 2016ல சபாநாயகர் அறையில போயி பதவிப்பிரமாணம் எடுத்தாரு. 1957ல இருந்து அந்த சபையில பேசுனவருக்கு நாற்காலி போக ஒரு வழி பண்ணிக் குடுக்காதது எனக்கு இன்னிக்கும் பொறுக்கல. யாரு ஆட்சியா இருந்தாலும் சரி, மாற்றுத்திறனாளி ஒருத்தர் எம்எல்ஏவா வந்தா அவரு கதி என்ன? 2016 கடைசியில உடம்பு முடியாம போனப்புறம் தொகுதிக்கு பெருசா வர முடியல, மனு எல்லாம் கட்சி ஆபீஸ் வழியாத்தான் போச்சு.

மீத்தேன் திட்டத்துக்கு கையெழுத்து போட்டது அவரு ஆட்சிதானே?

ஆமா. டெல்டாவுல பூமிக்கடியில இருக்குற மீத்தேன் வாயுவ எடுக்குற திட்டம் அது. 2010ல மத்திய அரசு ஒரு கம்பெனியோட ஒப்பந்தம் போட்டுச்சு, 2011 ஜனவரியில தமிழ்நாடு அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுச்சு, அப்ப முதலமைச்சர் கலைஞர். சில மாசத்துலயே திருவாரூர்ல வந்து ஓட்டுக் கேட்டாரு. மன்னார்குடியச் சுத்தி அந்த திட்டம் வந்திருந்தா நம்ம நெலத்தடித் தண்ணி என்ன ஆயிருக்கும்னு நெனச்சாலே வயிறு கலங்குது. இயற்கை விவசாயத்துக்காகப் போராடுன நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர்ல கடைசி மூச்ச விட்டதே பட்டுக்கோட்டை பக்கம் இந்தப் பிரச்சாரத்துக்கு வந்த எடத்துலதான். அதுக்கப்புறம் அதிமுக ஆட்சி மீத்தேனுக்கு தடை போட்டுச்சு, 2020 பிப்ரவரியில எடப்பாடி பழனிசாமி அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்துச்சு. டெல்டாவுல பொறந்த தலைவர் பேருக்கு பக்கத்துல இந்த ஒப்பந்தம் இருக்குறது எங்களுக்கு மனக்கொறைதான்.

நாத்திகர்தானே, திருவாரூர் தேர எப்படி ஓட்டுனாரு?

பல வருஷமா நெலையிலயே நின்ன ஆழித்தேர், அதாவது திருவாரூர் தியாகராஜர் கோயில் பெரிய தேர், 1970ல அவரு முதலமைச்சரா இருந்தப்ப ஓடுச்சு. அவரு சாமி கும்பிடல, ஊரு கேட்டுச்சு, செஞ்சு குடுத்தாரு.

அவரு இறந்தப்புறம் தொகுதி யாருக்கு போச்சு?

2018 ஆகஸ்ட் 7 இறந்தாரு. ஆறு மாசத்துக்குள்ள இடைத்தேர்தல் நடக்கணும்கறது விதி, 2019 ஜனவரி 28ன்னு தேதியும் அறிவிச்சாங்க. ஆனா 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு தென்னை, வீடு, படகு எல்லாம் போயி நிவாரணமே முடியாம கிடந்துச்சு, அதனால அறிவிச்ச தேர்தல ரத்து பண்ணுனாங்க. 2019 ஏப்ரல்ல நாடாளுமன்றத் தேர்தலோட சேத்து நடந்துச்சு, திமுகவுல பூண்டி கலைவாணன் அறுபதாயிரத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சாரு, 2021லயும் அவருதான்.

அவரோட பழைய சட்டசபைப் பேச்சுங்க எங்க கிடைக்கும்?

சட்டசபை நடவடிக்கைக் குறிப்புங்க அச்சுல புத்தகமாவே வந்திருக்கு, பழைய வருஷத்த எல்லாம் சட்டசபை தரப்புலயே டிஜிட்டல் பண்ணி ஆன்லைன்ல போட்டிருக்காங்க. தேடும்போது பேரப் போட்டு தேடுனா ஆயிரம் வரும், முழி பிதுங்கிடும். தேதியப் போட்டு தேடுங்க. 1957 மே மாசத்துல ஆரம்பிங்க, அப்புறம் 1962ல இருந்து 1967 வரைக்கும் மார்ச் மாசத்து மானியக் கோரிக்கை விவாதங்க, விவசாயம், பொதுப்பணி, வருவாய் மூணு துறைக்கும். 1970 நில உச்சவரம்பு மசோதா விவாதத்துல எதிர்த்துப் பேசுனவங்க பேச்சையும் சேத்துப் படிங்க, யாரு யாருக்காக எந்திரிச்சாங்கன்னு அதுல தெரியும். எல்லாம் தமிழ்லயே இருக்காது, அம்பதுகள்ல இங்கிலீஷ்ல பேசுனவங்களும் இருந்தாங்க.